ஐயா வண்டி வருது, ஒதுங்கு!

ராத்திரியில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டுவது ஒரு காலத்தில் குற்றம் என்று சொன்னால் என் பேத்தி நம்புவதில்லை. டபுள்ஸ் போவதும் குற்றம். பஞ்சாயத்து ஆபீஸில் காசு கட்டி வாங்கிய தகர வில்லை வண்டியில் இல்லாவிட்டால் அதுவும் குற்றம். எழுபதுகளில் தஞ்சாவூர் ஜில்லாவில் வளர்ந்த எங்களுக்குச் சட்டம் ஒழுங்கு என்பது கடைத்தெரு முக்கில், புளியமரத்து இருட்டில் நிற்கும் ஏட்டையாதான். டைனமோ தேய்ந்துபோனவன் சட்டைப்பையில் டார்ச் லைட்டைச் செருகிக்கொண்டு வருவான். அதை அவர் விளக்காக ஒப்புக்கொள்வாரா என்பது அன்றைக்கு அவருக்கு வெற்றிலை கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் குனிந்து, பின்சக்கரத்து வால்வைத் திருகிக் காற்றைப் பிடுங்கிவிடுவார். வால்ட்யூப் அவர் பைக்குள் போய்விடும். ரசீது கிடையாது, கோர்ட்டு கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். பெட்டி கேஸ் எழுதினால் அவருக்கும் அலைச்சல், நமக்கும் அலைச்சல். அதனால் இந்த ஏற்பாட்டில் இருதரப்புக்கும் மனஸ்தாபம் இருந்ததில்லை.

டூட்டி முடிந்து ஏட்டையாவும் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவார். அதில் விளக்கு இருந்ததாக ஊரில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. பின்னால் கேரியரில் கான்ஸ்டபிள் வேறு உட்கார்ந்திருப்பார். இது சரியா என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பிரசாதத்தில் குருக்கள் ஒரு கை எடுத்துக்கொண்டால் யாராவது கணக்குக் கேட்பார்களா?

ஏட்டையாவால் ஆபத்து டயர் காற்றுக்கு மட்டும்தான். உயிருக்கு ஆபத்து ஜீப்பு.

ஸ்டேஷனுக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப்பு, கித்தான் கூரை போட்டது. அதை ஓட்டியவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் ‘ஏரோப்ளேன்’. இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் மூச்சு முட்டும் கடைத்தெருவில், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருவார். முதலில் ஜவுளிக்கடை வாசலிலிருந்து ஒரு குரல் கிளம்பும்: “ஐயா வண்டி வருது, ஒதுங்கு!” சைக்கிள்கள் சாக்கடையோரம் சாயும். வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் திண்ணைக்கு ஏறும். புழுதி அடங்கியதும் வியாக்கியானம் ஆரம்பிக்கும்.

“எங்கேயோ வெட்டுக்குத்தாம்.”

“அதெல்லாம் இல்ல, மந்திரி வராரு.”

இவ்வளவு வேகமாகப் போகிறார் என்றால் அவ்வளவு பெரிய விஷயம் என்று அர்த்தம். வேகத்தையே குற்றமாகப் பார்க்கும் புத்தி அப்போது எங்களுக்கு வரவில்லை. கால் மணி நேரத்தில் அதே ஜீப்பு அதே வேகத்தில் திரும்பும். முன்சீட்டில், ஆள் உட்காரும் இடத்தில், இன்ஸ்பெக்டர் வீட்டு டிபன் கேரியர். அப்போதும் ஊர் போலீஸை விட்டுக்கொடுக்காது. “பாவம், ஐயா காலையிலேர்ந்து சாப்பிடல போலருக்கு.”

ஒருநாள் ஜீப்பு ஒரு வெள்ளாட்டை அடித்துப் போட்டது. ஆடு இட்லிக்கடை ஆயாவுடையது. சாட்சிப் பொருளாக ஜீப்பிலேயே ஸ்டேஷனுக்குப் போன ஆடு, மத்தியானத்துக்குள் சாட்சிப் பொருளாக இல்லாமல் போயிற்று. சாயங்காலம் ஆயாவுக்கு ஆள் வந்தது, பொதுவழியில் கால்நடையை அவிழ்த்துவிட்டதாகப் பெட்டி கேஸ். அபராதத்தைக் கட்டிவிட்டு வந்து வழக்கம்போல இட்லிப்பானையை ஏற்றினாள். கடையில் உட்கார்ந்திருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவருக்குத்தான் மனசு ஆறவில்லை. உதய்ப்பூரில் 1952-ல் நடந்ததை அவர் சொன்னார். கலெக்டரின் அரசாங்க ஜீப்பை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்ப ஓட்டிவந்த டிரைவர், நடைபாதையில் போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டான். ஆள் இறந்துபோனார். சர்க்கார் டிரைவர் செய்ததற்குச் சர்க்கார்தான் பொறுப்பு, மற்ற முதலாளிகளைப் போல நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “சரிங்க சாமி. அந்தக் கோர்ட்டுக்கு பஸ்ஸு எங்கேருந்து கெளம்புது?”

இப்போது நான் இருப்பது சென்னையில். இங்கே யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்வதில்லை. ரோந்து வண்டி ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வந்தால் நாலு பக்கமும் கைகள் உயரும், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். “நம்பர் தெரியுதா பாரு, ஜூம் பண்ணுடா.” டீ ஆறுவதற்குள் வீடியோ போக்குவரத்து போலீஸின் எக்ஸ் கணக்குக்குப் போய்விடும். அதன் கீழே ஒருவர் சட்டப்பிரிவு எண் போடுவார், ஒருவர் வடிவேலு படம் போடுவார், ஒருவர் அந்த வண்டி ஏதாவது அவசரமாகப் போயிருக்கலாமே என்று கேட்டு எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அந்த ஒருவர் கட்டாயம் என் வயசுக்காரராகத்தான் இருப்பார்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2017 மே 1 முதல் மந்திரிகளின் கார்களிலிருந்தே சிவப்பு விளக்கு இறங்கிவிட்டது. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தத்தில் 210பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் படைத்தவரே இதை மீறினால் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்கிறது அது. படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அப்படியானால் ஹெல்மெட் போடாத போலீஸ்காரருக்கு 2,000. 2024 மே மாதம், சொந்த வண்டியில் ‘போலீஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் சென்னையில் தடை வந்தது. டாக்டர், வக்கீல், பத்திரிகைக்காரர் ஸ்டிக்கர்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் தெருவில் சில வண்டிகளில் எழுத்தைச் சுரண்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

இத்தனை இருந்தும் பிடிபடுவது என்னவோ ஹெல்மெட்தான். புகார்ப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தால் புரியும். ஹெல்மெட் இல்லாத தலை ஒரு போட்டோவில் அடங்கிவிடுகிறது. நம்பர் பிளேட் இல்லாத பைக், மூன்று பேர், ஸ்டிக்கர் எல்லாம் அடங்கும். சலான் எழுதி அதைப் படம் பிடித்துப் பதில் போட்டுவிடலாம், புகார் கொடுத்தவர் கைகூப்பும் பொம்மை போட்டு நன்றி சொல்வார். ஆனால் பள்ளிக்கூட வாசலில் பாதசாரிகள் மேல் மோதுவதுபோல வந்து கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பிய ஜீப்பு எந்தப் போட்டோவிலும் சாதுவாக நிற்கிறது. நம் வேகத்தை அளக்க அவர்களிடம் கருவி இருக்கிறது. அவர்கள் வேகத்தை அளக்க நம்மிடம் இருப்பது அடிவயிறு மட்டும்.

அப்படியே நிரூபித்தாலும் என்ன கிடைக்கும்? 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டத்தில், பொதுவழியில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குதிரை வண்டிக் காலத்து 1,000. பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 279-ஆம் பிரிவு 281 ஆகியிருக்கிறது. ரூபாய் அதே 1,000. மோட்டார் வாகனச் சட்டத்தில் தனியாக இதைவிடக் கூடுதல் உண்டு என்று வக்கீல்கள் திருத்துவார்கள், சரிதான். ஆனாலும் நூற்று அறுபது வருஷமாக விலையேறாத சரக்கு நாட்டில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்குப் போகட்டும், துறை நடவடிக்கை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியதும் மறுநாள் பேப்பரில் ஒரு வரி வரும்: ‘ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார்’. நாமும் நியாயம் கிடைத்துவிட்டதென்று பக்கத்தைப் புரட்டுவோம். போலீஸின் மோட்டார் வாகனப் பிரிவு இருப்பது அந்த ஆயுதப்படையில்தான். மாவட்ட எஸ்.பி. வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்வையிடும் படம் வருகிறதே, அது ஆயுதப்படை மைதானம். வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டியவரை வண்டிகளின் தாய்வீட்டுக்கே அனுப்பிவைப்பதைத் தண்டனை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியவில்லை.

இன்னொன்று. வண்டிச் சோதனையில் நம்மிடம் முதலில் கேட்பது ஆர்.சி., அடுத்தது இன்சூரன்ஸ். காலாவதியாகி ஒருநாள் ஆகியிருந்தாலும் கதை முடிந்தது. கேட்பவர் சாய்ந்துகொண்டு நிற்கும் ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு ஓடாத அரசாங்க வண்டிகளுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. அடிபட்டவர் கம்பெனி மேல் அல்ல, அரசாங்கத்தின் மேலேயே தீர்ப்பாயத்தில் கேஸ் போட வேண்டும். ஆயாவின் கேள்விக்கு இப்போது பதில் உண்டு. பஸ் கிளம்புகிறது, போய்ச் சேர வருஷங்கள் ஆகும்.

சிரித்துக்கொண்டே எழுத முடியாத இடமும் இருக்கிறது. 2018 மார்ச் 7, திருச்சி – தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி. ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியை போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் பைக்கில் துரத்தினார். வண்டியை அவர் எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. கீழே விழுந்ததில் மனைவி இறந்துபோனார். அன்று இரவு திருச்சியில் யாரும் ஜூம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் திருவெறும்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தடியடி நடந்தது. இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் சோதனை எதற்காக? விழுந்தால் தலை தப்ப வேண்டும் என்பதற்காக.

போலீஸ் பக்கத்து நியாயமும் கொஞ்சம் உண்டு. ராத்திரி ரோந்து முடித்த டிரைவரைக் காலையில் பந்தோபஸ்துக்கு அனுப்பினால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டுவதே பெரிய காரியம். 100-க்குப் போன் போட்டுவிட்டு வாசலில் நின்று நிமிஷத்தை எண்ணுகிறவர்களும் நாம்தான். நம் சினிமாவில் போலீஸ் ஜீப்பு எப்போதும் சண்டை முடிந்தபிறகுதான் வரும். அந்தக் கேலி அவர்கள் மனசில் உறைத்து ஆக்சிலரேட்டரில் இறங்கிவிட்டதோ என்னவோ.

பொறுப்புக் கேட்பது எப்படி இருக்க வேண்டும் என்று நாடே கண்டுகளித்த ஒரு வாரம் 2024 மே மாதத்தில் வந்தது. நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் ஏறிய ஒரு போலீஸ்காரர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டர் எடுத்தே ஆக வேண்டும் என்றார். வீடியோ பரவியது, வாரண்ட் இல்லாவிட்டால் போலீஸும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அவ்வளவுதான், அதுவரை அரசு பஸ் பக்கம் திரும்பாத போலீஸ் கண்களுக்குத் திடீரென்று எல்லாம் தெரிய ஆரம்பித்தன. நோ பார்க்கிங்கில் நின்ற பஸ்ஸுக்கு அபராதம், சீட் பெல்ட் போடாத டிரைவருக்கு அபராதம். ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காருக்குச் சலான் எழுதுவதைப் பார்த்து ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துச் செயலாளரும் பேசித் தீர்த்தார்கள். அந்தப் போலீஸ்காரரும் கண்டக்டரும் கைகுலுக்கிக் கட்டிக்கொண்ட வீடியோவும் வந்தது. எழுதிய சலான்களில் பொய் ஒன்றும் இல்லை. சட்டம் முழுசாக அமலாக வேண்டுமானால் இரண்டு துறைகளுக்குள் சண்டை மூள வேண்டும், அவ்வளவுதான். சமாதானமானதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

என் மைத்துனர் போக்குவரத்துப் பிரிவில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன்.

“மாப்ளே, அந்த 210பி-ல யாருக்காவது ரெட்டை அபராதம் எழுதியிருக்கியா?”

“ஒத்தையே எழுத முடியல அத்தான், நீங்க ரெட்டைக்குப் போயிட்டீங்க.” காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “ஒரு பெரிய ஐயா வண்டி செவப்பு சிக்னல்ல தாண்டுது. நான் நிக்கிறேன். கையில மெஷின் இருக்கு. என்ன பண்ணணுங்கிறீங்க?”

“நிறுத்தணும்.”

“சல்யூட் அடிச்சேன். அதுவும் ரூல்தான். சல்யூட் அடிக்காட்டி மெமோ வரும். சலான் எழுதாட்டி யாரு கேக்கப்போறா?” ஒரு வாய் குடித்தார். “ஆனா ஒண்ணு. இப்ப எவனாச்சும் போட்டோ எடுத்துப் போட்டுட்டா மேலேருந்து போன் வந்துரும். போன் வந்துட்டா எழுதிருவோம். ஹெல்மெட்டுன்னா ஒரு நிமிஷ வேல.”

“கண்மண் தெரியாம ஓட்டினதுக்கு?”

“அத யாரு சொல்றது? டிரைவரக் கேட்டா நாப்பதுலதான் வந்தேம்பாரு. பக்கத்துல உக்காந்திருந்த ஐயாவக் கேட்டா, அசந்து தூங்கிட்டேன்பாரு.”