துதிக்கை போன வழி

2016-இல் இருபத்தைந்து வயது நிரம்பிய எல்லாச் சிங்கப்பூரர்களுக்கும் அரசாங்கம் கொடுத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தை, அம்மா புடவை மடிப்பில் வைக்கும் நோட்டைப் போல வெகுநாள் தொடாமலே வைத்திருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு எழுத்துகளைத் திரையில் ஓடவும் குதிக்கவும் வைக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள். வாத்தியாரும் அவர்கள் வயதுதான். 1959-இல் வந்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு சால் பாஸ் அமைத்த டைட்டிலை அவர் போட்டுக் காட்டினார். சாய்ந்த கோடுகளில் பெயர்கள் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கின. எனக்கு ஞாபகம் வந்ததோ இரண்டு மைலோ டின்கள்.

1984. சிராங்கூன் சாலையில் பெயர்ப்பலகை எழுதிய ஓர் அண்ணனிடம் பள்ளி விட்டதும் தூரிகை கழுவுவது என் உத்தியோகம். சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டுவிட்டு, "சுழிய முதல்ல போடு தம்பி, மூச்சு விடாத" என்பார். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு நான் சினிமாக்காரன் ஆகிவிட்டேன். அக்கா கல்யாணத்தை யாரோ இரவல் கேமராவில் படம் பிடிக்க, டைட்டில் என் பொறுப்பு. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய கறுப்புத் தாளை நீளமாக ஒட்டி, வெள்ளை போஸ்டர் கலரில் எழுதி, இரண்டு மைலோ டின்களில் சுற்றி, எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் சித்தப்பா மகனைத் திருகச் சொன்னேன். முதலில் 'முருகன் துணை'. தமிழ்நாடு 1978-இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைச் சிங்கப்பூரும் 1983-இல் ஏற்று, 'ணை'யின் பழைய வடிவத்தில் இருந்த யானைத் துதிக்கையை வெட்டியாகிவிட்டது; நான் கேட்கவில்லை, ஒரே இழுப்பில் துதிக்கையை வளைத்துவிட்டேன். அந்த வளைவில் தூரிகை தாளை விட்டு எழும் சுகம் கை அறிந்தது. கடைசியில் 'எழுத்தும் இயக்கமும்' என்று என் பெயர், மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிதாக. ஒரு டின்னில் நசுங்கல் இருந்ததால் அக்கா பெயர் வரும்போது மட்டும் தாள் காவடி ஆடிற்று. "எம் பேரு மட்டும் ஏண்டா நடுங்குது?" என்று அவள் கேட்டது இன்றைக்கும் குடும்ப நகைச்சுவை.

இப்போது வகுப்பில் டின் இல்லை, எந்த நொடியில் எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் கீஃப்ரேம் இருக்கிறது. தீபாவளிக்கு ஆகுமே என்று 'கொண்டாட்டம்' என்று தட்டி, எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழட்டும் என்று கட்டளையிட்டேன். நமக்கு அது ஆறெழுத்து. யூனிகோடில் அகரமேறிய மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் என்பதால் கணினிக்குப் பதினொன்று. முதலில் 'க' விழுந்தது. கொம்பும் காலும் பிறகு வந்து பின்னால் ஒட்டிக்கொண்டன. மூன்று புள்ளிகளும் கடைசி நேர விருந்தாளிகளாக, மழைத்துளி மாதிரி தனியாகச் சொட்டின. நான் தலையில் கை வைக்க, வாத்தியார் பரவசமாகி, "அந்த டாட்ஸ் சூப்பர், அங்கிள்! எப்படிச் செஞ்சீங்க?" என்றார். மென்பொருளின் அமைப்புகளில் தென்னாசிய மொழிகளுக்கென்று ஒரு தெரிவு ஒளிந்திருந்தது. அதைப் போட்டதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. மைலோ டின்னுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அதற்குத் தமிழும் தெரியாது, ஒன்றும் தெரியாது, எழுதியதை எழுதியபடி உருட்டும்.

கடைசி வகுப்பில்தான் வேடிக்கை. எழுத்து இவ்வளவு வழவழப்பாக நகர்ந்தால் உயிர் இருக்காதாம், கையால் செய்ததுபோல் கொஞ்சம் நடுங்க வேண்டுமாம். அதற்கென்றே 'விக்கிள்' என்றொரு கட்டளை. நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் என்று எண்களைக் கொடுத்தால் போதும். அக்கா பெயரைத் தமிழில் அடித்து நடுங்கவிட்டுப் பார்த்தேன். மாற்றி மாற்றி எண் கொடுத்தும் அந்த நசுங்கிய டின்னின் நடுக்கம் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால் கேசட் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது, ஓட்டத்தான் கருவி இல்லை. உங்களில் யார் வீட்டிலாவது ஓடுகிற விஎச்எஸ் பிளேயர் இருந்தால் ஒரு மணி நேரம் இரவல் தாருங்கள். தேக்காவில் டீ வாங்கித் தருகிறேன்.