பேட்டரி மாமா

அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஒரு கார் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு மௌனமானால், மெக்கானிக்குக்கு போன் போவதற்குள் மாமா வந்துவிடுவார். அரைக்கை பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் பேப்பர். சென்னையில் இவர் இல்லாத குடியிருப்பு அபூர்வம். ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர். அந்த வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. மாமாவின் அனுபவம் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது.

"செல்ஃப் எடுக்கலையா? பானெட்டைத் திற தம்பி."

திறந்தால், பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துக் கிடக்கிறது. வெள்ளை பெரும்பாலும் ஈய சல்ஃபேட். பச்சையும் நீலமும் கேபிளின் செம்பை அமிலம் தின்ற அடையாளம். மாமா இந்த ஜாதி பேதம் பார்ப்பதில்லை. எல்லாமே "அழுக்கு". எல்லாவற்றுக்கும் மருந்து வெந்நீர். வெந்நீருக்கு மசியாவிட்டால் கோலா. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் உப்பு கரையத்தான் செய்கிறது. ஆனால் அமிலத்தால் வந்த வியாதிக்கு அமிலத்தையே ஊற்றிய கணக்கு. மிச்சமாகும் சர்க்கரைக்கு எறும்பு வரும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அமிலம் முறிந்துவிடும். இதை மாடியிலிருந்து மாமி சொன்னால் மாமா ஏற்பாரா? "அது பஜ்ஜிக்குப் போடறதுடி!"

அடுத்து பத்தாம் நம்பர் ஸ்பேனர். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்பது விதி. நெகட்டிவ் காரின் பாடியோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். மாமா பாசிட்டிவில்தான் கை வைப்பார். படீரென்று பொறி பறக்கும். கூட்டம் பின்வாங்கும். மாமா மட்டும் அசையாமல், "பார்த்தியா, பேட்டரியில சார்ஜ் இருக்கு" என்பார்.

இரண்டே நிமிடத்தில் பேட்டரி செத்துவிட்டது என்று தீர்ப்பும் அவரே எழுதுவார். "லைட் எரியுது, ஹார்ன் அடிக்குது. அப்போ கேபிள் நல்லா இருக்கு. பேட்டரிதான் அவுட்."

கூடியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, சிக்கலே அங்கேதான். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்கும். அரித்துப்போன கேபிளில் 0.03 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். லைட் இழக்கப்போவது வெறும் 0.3 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே கேபிள் வழியாக 150 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 4.5 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பிறகு மோட்டார் 'டக்' என்னாமல் வேறென்ன சொல்லும்?

மாமாவின் மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த மல்டிமீட்டர் ஒன்று உண்டு. வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். தீர்ப்பை மாற்றலாமே? "மீட்டர் சைனா மேக்" என்று மாமா அதை உறைக்குள் போட்டுவிடுவார். புது பேட்டரி வரும். வண்டி மறுபடியும் 'டக்' என்னும்.

இதற்குப் பிறகுதான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிடுவார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு கேபிளைத் தொட்டுப் பார்ப்பான். கிளாம்பை ஒட்டிய இடம் சுடும். மல்டிமீட்டரை மாமாவிடமிருந்தே வாங்கி, ஒரு முனையை பேட்டரி மேலும் மறுமுனையைக் கேபிளின் அந்தக் கோடியிலும் வைத்து மறுபடி சாவி திருப்பச் சொல்வான். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது பல மடங்கு காட்டும். பிளேடால் ரப்பர் உறையைக் கீறினால் உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிரும். வெளியே எத்தனை குடம் வெந்நீர் ஊற்றினாலும் அங்கே எட்டியிருக்காது.

"வீட்ல நாலு எம்.எம். ஒயர் மிச்சம் இருக்குப்பா, தரட்டுமா?"

"சார், அது மிக்ஸிக்கு ஆகும்" என்பான் பையன். பழைய கேபிளின் பருமனுக்குக் குறையாத புது கேபிளை ஜி.பி. ரோட்டில் வாங்கி, நுனியில் லக் வைத்து நசுக்கி மாட்டுவான். நட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவச் சொல்வது மாமா. இது சரியான யோசனை. காலையிலிருந்து அவர் சொன்னதில் முதலாவது.

வண்டி ஸ்டார்ட் ஆகும். பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைப்பதும் மாமாதான். பையன் பழைய கேபிளைச் சுருட்டிக் குப்பையில் போடப் போகும்போது பாய்ந்து தடுப்பார்.

"போடாதே, உள்ளே செம்பு இருக்கு!"

அது மாமாவின் பரணுக்குப் போகும். அடுத்த மாதம் மூன்றாம் மாடிக்காரரின் வண்டி 'டக்' என்னும்போது, ஒரு நல்ல கேபிள் தன்னிடம் சும்மா கிடப்பதாக அவர் சொல்லிக்கொண்டே இறங்கி வருவார்.