ஒரு சீட்டை எடுங்கோ!

கல்யாண வீட்டில் மேஜிக் பழகுகிற ஆசாமியைக் கண்டுபிடிப்பது சுலபம். பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை விரல் முட்டிகளின் மேல் நடக்க விட்டுக்கொண்டிருப்பார். யாரும் கவனிக்காவிட்டால் அதைக் கீழே போட்டுச் சத்தப்படுத்துவார். பக்கத்து இலைக்காரர் மரியாதைக்கு, "அட, மேஜிக்கெல்லாம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "சும்மா... ஒரு பொழுதுபோக்கு" என்று நெளிந்துகொண்டே ஜிப்பா பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுப்பார். "ஒரு சீட்டை எடுங்கோ." எங்கள் குடும்பத்தில் கூட்டத்தைக் கலைக்கும் விஷயத்தில் இந்த மூன்று சொல்லுக்கு 144 தடை உத்தரவின் வலிமை உண்டு. அத்தை கை கழுவப் போவாள். இன்னும் சாப்பிடவே உட்காராத மாமாவும் கை கழுவப் போவார்.

அந்த ஆசாமி நான்தான். தொழில், கணக்குத் தணிக்கை. பகலெல்லாம் மற்றவர்கள் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். ராத்திரி, நான் ஒளித்து வைப்பதை யாரும் கண்டுபிடிக்காமலிருக்கக் கைக்காசு போட்டுச் செலவழிக்கிறேன்.

இந்தக் கலையில் ஓர் அநியாயம் உண்டு. பாடகர் பிருகாவை உதறினால் "என்ன சாதகம்!" என்று சபா தலையாட்டும். எனக்கு யாராவது "என்ன பயிற்சி!" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நான் அவுட். வருஷக்கணக்காக உழைத்ததன் பலன், ஒன்றுமே செய்யாதவன்போல் தெரிவது. ஒன்றுமே செய்யாத என் மைத்துனன் இயற்கையிலேயே அப்படித்தான் தெரிகிறான். அவனுக்கு இது செலவில்லாமல் கைகூடியிருக்கிறது.

எனக்குக் குரு கிடையாது, புத்தகம்தான். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அங்கே பழைய புத்தகக் குவியலில் அட்டை போன ஒன்றைப் பொறுக்கினேன். ஜீன் ஹியூகார்டும் ஃபிரெடெரிக் பிராவும் எழுதி 1948இல் வந்த 'தி ராயல் ரோட் டு கார்டு மேஜிக்'. சீட்டு பழகுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் அரிச்சுவடி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஓரமெல்லாம் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தார். 'தினமும் அரை மணி', 'கட்டை விரல் கவனம்', 'மறுபடியும்' என்று பக்கத்துக்குப் பக்கம் பக்தி. சீட்டை உள்ளங்கையில் மறைக்கிற ஏழாவது அத்தியாயத்தோடு பென்சில் நின்றுவிட்டது. அந்த வருஷம் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

புத்தகத்தைப் பார்த்து மேஜிக் பழகுவதில் எந்த ஆசிரியரும் வாய் திறக்காத சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு கையிலும் சீட்டு. புத்தகத்தை யார் பிடிப்பது? விரித்து வைத்தால் மெல்ல எழுந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். நான் அம்மிக் குழவியை வைத்துப் பார்த்தேன். சுண்டு விரலை எங்கே வைப்பது என்று பத்தி சொல்ல வரும்போது சமையலறையிலிருந்து குரல் வரும்: "ஏன்னா, குழவியைக் குடுங்கோ, துவையல் அரைக்கணும்." குழவி போகும், புத்தகம் மூடும், சுண்டு விரல் அந்தரத்தில் நிற்கும்.

மொழிநடையும் லேசுப்பட்டதல்ல. எந்த விரல் எந்த மூலையில், எந்த விரல் சும்மா இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் உட்பிரிவுபோல நாலு வரி ஓடும். கடைசியில் 'இதையெல்லாம் இயல்பாகச் செய்யவும்' என்கிற பாவனையில் ஒரு வால். இதே புத்தகத்தின் பின்பாதியில் 'ஹிந்து ஷஃபிள்' என்று ஓர் அத்தியாயம் வருகிறது. படங்களையெல்லாம் உற்றுப் பார்த்து, விரல்களை அடுக்கி, மூன்று ராத்திரி கண் விழித்துக் கற்றுக்கொண்ட பிறகு விஷயம் புரிந்தது. எங்கள் அத்தை சீரியல் பார்த்துக்கொண்டே ரம்மிக்குச் சீட்டுக் கலைப்பாளே, அதுதான். காசு கொடுத்து அமெரிக்கா போய் அத்தையிடம் திரும்பி வந்திருக்கிறேன்.

இந்தத் துறைக்கே மூலபுருஷர் ஒருவரை உண்டாக்கியது ஒரு புத்தகக்கடைக்காரரின் கைத்தவறுதான். பிரான்ஸில் ராபர்ட்-ஹூடின் என்கிற இளம் கடிகாரத் தொழிலாளி, கடிகாரம் செய்யும் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். வீட்டில் கட்டைப் பிரித்தால் வித்தைகளும் வேடிக்கைகளும் அடங்கிய இரண்டு தொகுதிகள். திருப்பிக் கொடுக்காமல் உட்கார்ந்து படித்தார். 1845இல் பாரிஸில் சொந்த அரங்கமே திறந்துவிட்டார். பின்னால் வந்த ஹூடினி தன் பெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். இந்தக் கதைக்கு ஆதாரம் ராபர்ட்-ஹூடினே எழுதிய சுயசரிதை. மேஜிக்காரர் எழுதிய சுயசரிதையை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு தணிக்கையாளனைக் கேட்காதீர்கள்.

எனக்குப் பிடித்த புத்தகம் வேறு. 1902இல் சிகாகோவில் வெளியான 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்'. சீட்டில் ஏமாற்றுவது எப்படி என்று துளி வெட்கமில்லாமல், இலக்கண சுத்தமாக விளக்குகிற நூல். எதற்காக எழுதினேன் என்பதையும் ஆசிரியர் முன்னுரையில் மறைக்கவில்லை: பணம் தேவைப்பட்டது. இத்தனை நேர்மையான முன்னுரையை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆசிரியர் பெயர் எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ். அப்படி ஒருவர் இருந்ததாக யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் ஈ.எஸ். ஆண்ட்ரூஸ் என்று வருகிறது. சரி, ஆண்ட்ரூஸைப் பிடிப்போம் என்று கிளம்பியவர்கள் ஏராளம். கணிதப் புதிர்களுக்குப் பெயர்போன மார்ட்டின் கார்ட்னர் 1940களில் அந்தப் புத்தகத்துக்குப் படம் போட்ட ஓவியரைத் தேடிப் பிடித்தார். குளிர்காலத்தில் ஓர் ஓட்டல் அறை, மேஜையின் மேல் வித்தை காட்டிய கைகள் என்று ஓவியருக்கு நினைவு இருந்தது. ஆள் யார் என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை. நூற்றிருபது வருஷமாகக் காணாமல் போயிருக்கிறார் மனுஷர். புத்தகத்துக்குள் இருக்கிற எந்த வித்தையும் இதற்கு ஈடில்லை.

புத்தகமே உதவாதவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் ரெனே லவாண்ட் சிறுவனாக இருந்தபோது விபத்தில் வலது கையை இழந்தவர். நூல்களெல்லாம் இரண்டு கைக்காரர்களுக்கு எழுதப்பட்டவை. அவருக்கு ஒரு பத்திகூடப் பொருந்தாது. தானே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒற்றை இடது கையால், பார்ப்பவர் தூங்கிவிடும் அளவுக்கு நிதானமாகச் செய்வார். அப்போதும் ஒன்றும் பிடிபடாது. இரண்டு கை இருந்தும் குழவி கேட்ட நான் அவரது வீடியோக்களைத் தனியாக இருக்கும்போது மட்டும் பார்க்கிறேன்.

வீடியோ என்றதும் இந்தக் காலத்துப் பையன்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு வித்தை. அதிலும் ஒரு கை வேண்டியிருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்க்க. மூக்கால் திரையைத் தொடுகிற பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பிரமாதமாகச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மாம்பலத்துப் பையனும் மதுரைப் பையனும் ஒரே இடத்தில் தோளைக் குலுக்கி, ஒரே இடத்தில் முடியைக் கோதி, ஒரே அமெரிக்க உச்சரிப்பில் "செக் திஸ் அவுட்" என்கிறார்கள். நாங்கள் புத்தகத்தை ஆளுக்கொரு விதமாகத் தப்பாகப் புரிந்துகொண்டோம். எங்கள் தப்பெல்லாம் நாளாவட்டத்தில் எங்கள் பாணி என்று மரியாதை பெற்றுவிட்டது.

பழகுகிற இடம் கண்ணாடி. அதிலும் வில்லங்கம்: ரகசியக் காரியம் நடக்கிற அந்தக் கணத்தில் தன்னையறியாமல் கண்ணைச் சிமிட்டிவிடுவது மேஜிக்காரர்களுக்குத் தொற்றிக்கொள்ளும் வியாதி. கண்ணாடியில் பார்த்தால் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஏமாந்த ரசிகரும் நாமே, மகிழ்ந்த கலைஞரும் நாமே. ஆகவே மனைவி தேவைப்படுகிறாள். கீரை ஆய்ந்துகொண்டே, தலையைப் பாதி தூக்கி, "அந்த இடது கையை ஏன் கடன் வாங்கின கை மாதிரி வச்சிண்டிருக்கேள்?" என்பாள். பெரிய பெரிய ஆசான்கள் பத்துப் பக்கம் எழுதியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிடுவாள். எதையாவது மறைத்திருக்கிற கை உயிரில்லாமல் கிடக்கும், அதுதான் காட்டிக்கொடுக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்றவர்கள் கூடுவதுண்டு. பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், பட்டுப்புடவை வியாபாரி, ஒரு மிருதங்கக்காரர். உலகத்திலேயே மோசமான ரசிகர் கூட்டம் இதுதான். இங்கே பாருங்கள் என்று வலது கையை நீட்டினால் பதினைந்து பேரும் இடது கையைப் பார்ப்பார்கள். முடிந்ததும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "நன்னாருக்கு, ஆனா என் ஆங்கிள்லேர்ந்து தெரிஞ்சுது" என்பதுதான் உச்சபட்ச பாராட்டு. பிறகு வாங்கி ஏமாந்த சாமான்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுவோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வரவழைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு நூல், துளி மெழுகு. காசு ரகசியத்துக்கு, சாமான் சும்மா. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படிப்பட்டவை நிறைந்த ஓர் இழுப்பறை இருக்கிறது. வீட்டுக்காரிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இசைக்கு வருகிறேன். ஜப்பானில் பால் மோரியா இசைக்குழுவின் 'எல் பிம்போ' ஒலித்தால், மேடையில் யாரும் இல்லாவிட்டால்கூட ஜனங்கள் புறா வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்களாம். அந்த அளவுக்கு அங்கே மேஜிக்கின் இசையாகிவிட்டது அது. ஸ்பெயினின் ஹுவான் தமாரிஸுக்கு இசைத்தட்டே வேண்டாம். வித்தை பலித்ததும் கையில் இல்லாத வயலினை வாயாலேயே வாசித்துவிடுவார். ஷின் லிம் பியானோ படித்தவர். மணிக்கட்டில் நரம்புக் கோளாறு வந்து, பியானோவா சீட்டா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் சீட்டை எடுத்தார். என் வீட்டில் இதைச் சொன்னால், "உங்களுக்கும் ஒரு கோளாறு இருக்கு, ஆனா மணிக்கட்டுல இல்லை" என்று பதில் வருகிறது.

நான் பழகுவது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஓடும்போதுதான். 1986இல் வந்தது. பாட்டு வரி கிடையாது என்பது சௌகரியம். வரி இருந்தால் வாய் கூடவே பாடும், கை அந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் மேஜிக்குக்கும் தாளத்துக்கும் உள்ள உறவை எனக்கு உடைத்துச் சொன்னவர் எங்கள் மிருதங்கக்காரர். ஃபாரோ என்று ஒரு கலைப்பு. கட்டைச் சரிபாதியாக, இருபத்தாறு இருபத்தாறாக வெட்டி, ஒன்றுக்கு ஒன்று இடையில் புகுமாறு கோக்க வேண்டும். மேல் சீட்டும் அடிச் சீட்டும் இடம் மாறாமல் பிசகில்லாமல் எட்டு முறை செய்தால் ஐம்பத்திரண்டு சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். இது தந்திரம் இல்லை, கணக்கு. அவர் இதைக் கேட்டதும் தொடையில் தட்டி, "ஆதி தாளம்யா! எட்டு அட்சரம், ஓர் ஆவர்த்தனம், சமத்துக்கு வந்துடுத்து!" என்று கத்தினார். பல் டாக்டர் பயந்துபோய் நாணயத்தை நழுவவிட்டார்.

மிருதங்கக்காரர் சொன்னதில் இன்னொன்றுதான் முக்கியம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் சபாவில் பாதிப் பேர் கேண்டீனுக்குப் போவார்கள் அல்லவா? உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கோர்வை முடிந்து கைதட்டியதும் மனசளவில் ஒரு நிமிஷம் போண்டா சாப்பிட்டுவிட்டு வருவார்கள். "உம்ம காரியத்தை அப்போ முடிச்சுக்கும்" என்றார். வெளிநாட்டு ஆசான்கள் கனமான அத்தியாயங்களில் சொல்வதும் இதுதான். ஜனங்கள் சிரிக்கும்போதோ கைதட்டும்போதோ கவனம் தளரும். வேலை அங்கே நடக்க வேண்டும். எனக்குள்ள ஒரே தடை, என் நிகழ்ச்சியில் முதலில் அவர்கள் கைதட்ட வேண்டுமே.

அப்படி ஒரு காலைப்பொழுதும் வாய்த்தது. சித்தப்பா பேரனுக்கு ஆயுஷ்ஹோமம். மண்டபத்தின் கீழே சின்ன ஹால் எங்களுடையது, மாடியில் வேறு யார் வீட்டுக் கல்யாணமோ. ஹோமம் முடிந்து சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால், வேறு வழியில்லாமல், "நீதான் ஏதோ பண்ணுவியே" என்றார்கள். சுவரோரம் குழந்தைகள். வாசல் பக்கம், தப்பிக்க வசதியாக, பெரியவர்கள். ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கட்டுக்குள் வைத்து, பேசிக்கொண்டே முக்கியமான இடத்துக்கு வந்தேன். அது எனக்கு எப்போதும் உதைக்கிற இடம். முன்வரிசையில் மனைவி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வினாடி மாடியில் கெட்டிமேளம்.

ஹால் மொத்தமும், ஒருவர் பாக்கியில்லாமல், மாடிப்படிப் பக்கம் திரும்பியது. மனைவியும்தான். ஹூடினி 1918இல் நியூயார்க்கில் மேடையிலிருந்து ஒரு யானையை மறைத்தார் என்பார்கள். அந்த இடைவெளியில் நான் இரண்டு யானைகளை மறைத்து, ஒன்றைக் குளிப்பாட்டிக்கூட இருக்கலாம். நிதானமாக என் வேலையை முடித்தேன். தாலி முடிந்த மாதிரி மேளம் அடங்கிய நேரத்தில் தேர்ந்தெடுத்த சீட்டு கட்டின் உச்சியில் நிமிர்ந்து நின்றது. குழந்தைகள் ஓவென்று கத்தின. தட்டில் ஆசீர்வாத அட்சதை மிச்சமிருந்தது போலிருக்கிறது. பழக்கதோஷத்தில் அத்தை ஒரு பிடி அள்ளி என் தலையில் போட்டாள். அவளைப் பார்த்து மாமா. அவரைப் பார்த்து எல்லாரும்.

இப்போதெல்லாம் யாராவது நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் மைக் உண்டா, மேஜை உண்டா என்று நான் விசாரிப்பதில்லை. மாடியில் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.