சிந்தாமல் சிதறாமல்

குளுவாங் வாசகர்: ஆட்டுக்கறி தின்றால் கல்லீரலில் புழுக்கட்டி வருமாமே, பிரியாணியை நிறுத்திவிடலாமா?

பதில்: பிரியாணி நிரபராதி. எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் சில மில்லிமீட்டர் நீள நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள், புல்லோடு ஆட்டின் வயிற்றுக்கும், கழுவாத கை, கீரை வழியாக மனிதரின் வயிற்றுக்கும் சென்று, பெரும்பாலும் கல்லீரலில் தங்கி, ‘ஹைடாடிட்’ எனப்படும் நீர்க்கட்டியாக வளர்கின்றன. கட்டியுள்ள ஈரலை நாய் தின்றால் அதன் குடலில் புழு வளரும். சமைத்த கறியை உண்ணும் மனிதருக்கு அதனால் இந்நோய் வருவதில்லை.

மூவார் வாசகர்: ஜொகூரில் இல்லாத நோய்க்கு இங்கே ஏன் இத்தனை பேச்சு?

பதில்: மலேசியாவில் இது அரிதுதான், ஆனால் ஆந்திரம், தமிழ்நாடு உட்பட ஆடும் நாயும் அருகருகே வாழும் பல நிலப்பகுதிகளில் இது உண்டு. கட்டி பல்லாண்டுகள் ஓசையின்றி வளர்வதால், கடப்பிதழில் முத்திரை வாங்காமலே எல்லை கடந்துவிடுகிறது. ஆகவேதான் ஸ்கேனில் கட்டியைக் காணும் மருத்துவர், நோயாளி வளர்ந்த ஊரையும் விசாரிக்கிறார்.

பத்து பகாட் வாசகர்: நீர்தானே, ஊசியால் இறக்கினால் தீராதா?

பதில்: அந்நீரில் புழுவின் இளந்தலைகள் மிதக்கின்றன, வயிற்றுக்குள் சிந்தினால் அவை புதிய கட்டிகளாக முளைக்கலாம், உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சியும் நேரலாம். எனினும் 1980களிலிருந்து, அல்பெண்டசோல் மாத்திரையின் துணையோடு, ஸ்கேன் பார்த்துக் குத்தி, நீரை உறிஞ்சி, செறிந்த உப்புநீரையோ ஆல்கஹாலையோ செலுத்திப் புழுவைக் கொன்று, மீண்டும் உறிஞ்சும் முறை தக்க கட்டிகளுக்குக் கையாளப்படுகிறது. உள்ளே சேய்க்கட்டிகள் நிறைந்தவையும் பெரியவையும் பெரும்பாலும் அறுவைக்குரியவை. செயலிழந்து சுண்ணாம்பேறியவை கண்காணிப்புக்கு மட்டுமே உரியவை.

சிகாமட் வாசகர்: அறுவையில் என்னதான் செய்கிறார்கள்?

பதில்: ஒரு முறையில், புழுக்கொல்லி நீரில் நனைத்த துணிகளைச் சுற்றிலும் அடுக்கி, கட்டியை வெறுமையாக்கி, உட்சவ்வுகளை அகற்றுகின்றனர், மற்றொன்றில், சுவரோடு முழுக் கட்டியையும் நீக்குவதால் நோய் மீள்வது குறைகிறது, ஆனால் அறுவையின் ஆபத்து கூடுகிறது. கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு குழுவினர், நுண்துளை வழியே ஒரு சொட்டும் சிந்தாமல் உறிஞ்சத் தனிக் குழாய்க் கருவி ஒன்றை வடிவமைத்து, 2006இல் அதன் பயன்பாட்டை ஆய்விதழில் வெளியிட்டனர்.

ஸ்கூடாய் வாசகர்: கட்டி போனபின்னும் தொல்லை தொடருமா?

பதில்: தொடரலாம். கட்டி பித்தநாளத்தோடு இணைந்திருந்தால், எஞ்சிய குழியில் பித்தநீர் கசியும், சீழும் பிடிக்கும். கசிவு நீடித்தால் வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, பித்தநாளத்தின் வாயை அகலப்படுத்திப் பித்தநீரைக் குடலுக்குத் திருப்புகின்றனர். புழுக்கொல்லி நீர் அந்நாளத்தில் புகுந்தால் அதைத் தழும்பேற்றிச் சுருக்கிவிடும் என்பதாலேயே முன்பு புழுக்கொல்லியாகப் பயன்பட்ட பார்மலின் கைவிடப்பட்டது. உறிஞ்சிய நீரில் பித்தநிறம் தென்பட்டால் புழுக்கொல்லியைச் செலுத்துவதில்லை. நோய் மீளக்கூடுமாதலால் சில ஆண்டுகளேனும் ஸ்கேன் கண்காணிப்பு தேவை.

மாசாய் வாசகர்: அப்படியானால் அஞ்ச வேண்டியது கட்டிக்கா, கத்திக்கா?

பதில்: அவசரத்துக்கு. வெடிக்காத, சீழ் பிடிக்காத கட்டி, அதன் நிலையையும் பித்தநாளத் தொடர்பையும் ஆராய்ந்தறிய மருத்துவருக்குப் போதிய நாள் தருகிறது.