பதினான்காம் தொடக்கத்துக்கு ஒரு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களே!

வருகிற திங்கட்கிழமை முதல் உடம்பைக் குறைக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். இது பதினான்காவது அறிவிப்பு. வண்டியூர்த் தெப்பக்குளத்தைக் காலையில் சுற்றுகிற எங்களுக்குச் செய்தி எட்டியதும் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிதர் ஒரு நல்ல காரியத்தை ஒரு தடவை தொடங்குவதே பெரிது. அதே காரியத்தைப் பதினான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் உதித்த யோசனை போன்ற முகமலர்ச்சியோடு தொடங்க யாரால் ஆகும்? எனவேதான் பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்தில், எளிய முறையில், இந்தப் பாராட்டு.

இந்தக் குளம் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்பது ஊர்ப்பேச்சு. ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தெப்பமேறி இங்கே வலம் வருவார்கள். ஆண்டுக்கு ஒரு நாள்தான். ஊரே திரண்டு நிற்கும். இந்தச் சூட்சுமம் எங்களுக்குப் புரியவில்லை. மழை விட்டால் வந்துவிடுகிறோம், காய்ச்சல் விட்டால் வந்துவிடுகிறோம். அதனால் எங்களை ஒரு நாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் வந்த அன்றைக்கு மட்டும்தான் நாலு கரையிலும் "யாருப்பா அது?" என்ற பேச்சு எழுந்தது. காட்சி தருவதன் அருமை தெரிந்தவர் நீங்கள்.

நாள் பார்ப்பதிலோ உங்களிடம் பஞ்சாங்கம் கணிப்பவர்கள் பாடம் கேட்க வேண்டும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, மார்கழியும் அப்படியே. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மதுரையில் இருந்துகொண்டு அந்த நேரத்தில் வாயைக் கட்டுவது தெய்வக் குற்றம். ஐப்பசியில் தீபாவளி, கூடவே அடைமழை. தை பிறந்தால் பொங்கல், அப்புறம் வரிசையாகக் கல்யாணப் பத்திரிகை. எஞ்சிய மாதங்களில் திங்கட்கிழமை ஒன்றுதான் உங்களுக்குக் கைராசி. அந்தத் திங்களிலும் ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். ஏழே காலுக்கு எழுந்து, காப்பி குடித்து, ஷூ லேஸைக் கட்டி நிமிரும்போது மணி சரியாக ஏழரை. ராகு காலத்தில் வாசல்படி தாண்டாத உங்கள் ஆசாரத்தை வணங்குகிறோம். ஒன்பதுக்கு மேல் மதுரை வெயில். அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

உங்கள் தளவாடங்களைச் சொல்லாமல் இந்த மடல் நிறையாது. மூன்று ஜோடி ஓட்ட ஷூக்கள், சுற்றிய தாள் கசங்காமல் பெட்டிக்குள் இருக்கின்றன. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. மணிக்கட்டில் உள்ள கடிகாரம் நீங்கள் தூங்கிய கணக்கை நிமிஷம் பிசகாமல் சொல்கிறது. தொண்டைமானின் ஆயுதசாலையைப் பாராட்டிய ஔவை இன்று இருந்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். உங்கள் மாடி அறைக்கே வந்திருப்பார். பளபளப்புக்குக் குறைவில்லை, மயிற்பீலி சூட்டாததுதான் பாக்கி. அங்கே நிற்கும் டிரெட்மில்லின் முப்பாட்டன் ஒரு தண்டனைக் கருவி. 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், சும்மா உட்கார்ந்திருந்த கைதிகளை ஏறி மிதிக்க வைப்பதற்காக வடிவமைத்த மிதிசக்கரம் அது. அந்தக் கொடுமையைக் கைவிட பிரிட்டிஷாருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் பதினோராம் நாளே கைவிட்டீர்கள். இப்போது அதில் வேட்டி காய்கிறது.

அரைகுறை வேலை உங்களுக்கு ஆகாது. நடந்தால் பத்தாயிரம் அடி. ஆறாயிரத்தில் தூறல் விழுந்துவிட்டதா, அந்த ஆறாயிரமும் கணக்கில் சேராது, மறுநாள் நடையும் கிடையாது. இந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியரும் எழுதித் தந்த சீட்டு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஒரு ஜப்பானிய நிறுவனம் தான் விற்ற அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தது. அங்கிருந்து கிளம்பிய எண் அது. 2019-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வயதான பெண்களிடம் கணக்கெடுத்தபோது, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது; 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல், ஒரு மூச்சுக்குப் பத்து நிமிஷமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டு, எவ்வளவு அசைந்தாலும் நல்லதுதான் என்று இறங்கி வந்துவிட்டது. இப்படி ஆளாளுக்கு விலையைக் குறைக்கிற காலத்தில், பத்தாயிரத்துக்கு ஓரடி குறைந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியில் உறுதியாக இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் எட்டாவது தொடக்கம் எங்கள் நெஞ்சில் நிற்கிறது. மூன்று வாரம் ஒழுங்காக நடந்தீர்கள், நாங்களே பயந்துவிட்டோம். நல்லவேளையாக மாமா மகன் கல்யாணம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி பரோட்டா சால்னா, ஞாயிறு பந்தி, சாயங்காலம் ஜிகர்தண்டா. திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அற்பர்களாக இருந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. இரண்டு கிலோ சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேலே 15,400 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். உங்கள் மாமா எவ்வளவு தாராளமாகப் பரிமாறியிருந்தாலும் இரண்டு நாளில் அது நடக்கிற காரியம் இல்லை. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாவுப்பண்டம் கூடினால் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் சேரும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது இறங்கிவிடும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததாக நீங்கள் ஸ்டேட்டஸ் போட்டீர்களே, அப்போது இறங்கியதும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். இறங்கியபோது கொழுப்பு என்று கொண்டாடினீர்கள். ஏறியபோதும் கொழுப்பு என்றே ஒப்புக்கொண்டீர்கள். இந்த நேர்மை யாருக்கு வரும்? "எல்லாம் போச்சு" என்று ஒரு பெருமூச்சு விட்டு, அன்று இரவே மறுபடி பரோட்டாக் கடைக்கு நடந்தீர்கள். அந்த மாதத்தில் நீங்கள் கடைசியாக நடந்த நடை அது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு புதுப் பழக்கம் உடம்பில் ஊற எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தார்கள். 2010-ல் அது அச்சேறியது. நடுத்தரக் கணக்கில் 66 நாள். ஆளையும் காரியத்தையும் பொறுத்து 18 நாளும் ஆகலாம், 254 நாளும் ஆகலாம் என்றார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதையும் கண்டார்கள். பாவம், அவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஒரு நாள் விட்டால் அந்த வாரத்தையே விட்டு, வாரம் விட்டால் மாதத்தையும் விட்டு, "ஒண்ணாம் தேதியில இருந்து புதுசா" என்று சிலேட்டைத் துடைத்து வைக்கிற சுத்தம் உங்களுடையது. சட்டையில் ஒரு சொட்டுச் சாம்பார் பட்டதற்காகப் பீரோவையே கொளுத்துகிற பெரிய மனசு எல்லோருக்கும் வாய்க்காது.

உங்கள் வாசிப்பையும் சொல்ல வேண்டும். 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் எடைக்குறைப்புப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அது மட்டுமில்லை, அவர்களுடைய உடம்பு, கணக்குப்படி எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்தது. எடை திரும்புவது வெறும் மனச்சோம்பல் இல்லை. விட்டதைப் பிடிக்க உடம்பே மல்லுக்கு நிற்கிறது. பெரிய உண்மை. அதை நீங்கள் படுத்த வாக்கிலேயே எங்கள் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். அதே ஆட்களைப் பற்றி மறுவருஷம் இன்னொரு கட்டுரை வந்தது. எடையைக் காத்துக்கொண்டவர்கள் உடலுழைப்பை வெகுவாகக் கூட்டி வைத்திருந்தார்கள் என்றது அது. அதை மட்டும் அனுப்பவில்லை. எங்கள் மனம் நோகக் கூடாது என்ற கருணை.

ஒருவரைப் புகழும்போது அடுத்தவரின் குறையைச் சொல்லாவிட்டால் புகழ் துலங்காது. எங்களோடு இட்லிக்கடை அக்கா ஒருவர் நடக்கிறார். அவரால் எங்களுக்குப் பெரிய மனக்குறை. இரண்டு வருஷத்தில் குறைந்தது வெறும் நாலு கிலோ. முழங்கால் வலி என்று ஒரு மாதம் வரவில்லை. மகள் பிரசவத்துக்காக நாற்பது நாள் வரவில்லை. பிறகு அறிவிப்பு இல்லாமல், நாள் கிழமை பார்க்காமல், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை வந்து அரைச் சுற்று நடந்துவிட்டுப் போவார். மறுநாள் முக்கால் சுற்று. திருவிழாப் புளியோதரையையும் விடமாட்டார். அடுத்த நாள் காலை நடையையும் விடமாட்டார். முன்னதற்காகப் பின்னதைத் துறக்க வேண்டும் என்ற விவரம் தெரியாதவர். வேகமாக நடக்கச் சொன்னால், "வந்ததே பெருசுய்யா" என்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இதுதான்: நின்றது பல தடவை, திரும்பி வந்தது பல தடவை, ஆனால் அவர் தொடங்கியது ஒரே ஒரு தடவை. உங்கள் பதினான்குக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

ஆகவே அண்ணே, இந்தப் பொன்னாடையை ஏற்றுக்கொள்ளுங்கள். போர்த்திய பிறகு திருப்பித் தந்தால் மடித்து வைத்துவிடுவோம், பதினைந்தாவதுக்கும் ஆகும்.

அக்காவையும் இந்த விழாவுக்குக் கூப்பிட்டோம். வர முடியாது என்றுவிட்டார். செருப்பு குதிகால் தேய்ந்து, வாரும் அறுந்துபோய், முக்கில் தைக்கிறவரிடம் கிடக்கிறதாம். அது வரும்வரை சும்மா உட்காருவானேன் என்று வெறுங்காலோடு இரண்டாவது சுற்றில் இருக்கிறார்.