தோலை உரிக்கச் சொன்ன அப்பனுக்கு

வாப்பா, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. மகன் பள்ளிக்கூடத்துல மீட்டிங்காமே, போனியா?

"போனேன் பெரியப்பா. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்னு வாத்தியார்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்"ங்கிற. பலே! ஒங்கப்பனும் இதையேதான் சொன்னான். தோலு முழுசாத்தான் இருக்கு, படிப்புதான் எட்டாவதோட நின்னுபோச்சு. புள்ளைகள அடிக்கக் கூடாது, மனசு நோகப் பேசக் கூடாதுன்னு 2009-லயே கல்வி உரிமைச் சட்டத்துல எழுதிப்புட்டாக. நீ என்னடான்னா அந்த மனுசன் வேலைக்கு ஒலை வைக்கப் பாக்குற.

அதே சட்டம் ஒனக்கும் ஒரு வேலை வச்சிருக்கு. அரசுப் பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல நாலுல மூணு பங்கு புள்ளையப் பெத்தவுக, பாதிப்பேரு பொம்பளைக. நம்மூர்ல பொம்பளைக ஒழுங்காப் போயிர்றாக. ஆம்பளைக டீக்கடையில ஒக்காந்து கல்வி மந்திரிக்கு யோசன சொல்லிக்கிட்டிருக்கீக.

வாத்தியாரும் லேசுப்பட்ட ஆளில்ல. ஒன் மகனப் பத்திக் கேட்டேன். "போர்டப் பாத்து எழுதச் சொன்னாத் தப்புந்தவறுமா எழுதுறான், கவனமே இல்ல"ன்னாரு. ஒம் பொஞ்சாதி என்ன சொல்லுறா? டி.வி. பெட்டியில மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நிக்கிறான், எத்தன தடவ சொன்னாலும் நகர மாட்டேங்கிறான்னு. ரெண்டையும் சேத்துப் பாரு! பாதிச் சேதி அங்க, பாதிச் சேதி இங்க. நடுவுல பயலுக்கு மக்குப் பட்டம். கண்ண விட்டுருங்கன்ன பாரு, ரெண்டு பேருமாச் சேந்து அதத்தான் விட்டுட்டீக.

மொதல்ல கவருமெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப்போய்க் கண்ணக் காட்டு. கண்ணாடி வாரவரைக்கும் மொத பெஞ்சுல ஒக்கார வைக்கச் சொல்லு. வாத்தியாரப் பாத்தா மார்க்கு எத்தனன்னு கேக்காத. அது அட்டையிலயே இருக்கு. "எங்க முழிக்கிறான், வீட்டுல நான் என்ன செய்யட்டும்?"னு கேளு.

எனக்கே படிப்பு வரலையே, நான் என்னத்தச் செய்யங்கிறியா? ராத்திரி சாப்புட்டதும் டி.வி.ய அமத்திட்டு, ஒரு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்லி எதுக்க ஒக்காரு. புரியலன்னாலும் தலைய ஆட்டு. கிராமசபையில தீர்மானம் வாசிக்கையில ஆட்டுற தலைதானே!

வாத்தியாருக்கும் ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன்: "ஐயா, பய நல்லது செஞ்சாலும் அப்பனுக்கு ஒரு போன் போடுங்க. பள்ளிக்கூடத்து நம்பரு வந்தாலே புகாருன்னு இவுக எடுக்கிறதே இல்ல."

என்னப்பா, இப்பவே போன எடுக்குற? இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. அந்த மனுசனும் அவரு புள்ளைக்கு வாசிச்சுக் காட்டட்டும், விடு. நாளைக்கு நேர்லயே போ. போறப்ப மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டுக்க. தகராறுக்கு வந்திருக்கான்னு வாத்தியாரு பின்வாசல் வழியாப் போயிறப் போறாரு.