பக்கத்து ஊருக்கு ரயில் இல்லை

ஜப்பானின் ஹோன்ஷு தீவில், வடமுனையை ஒட்டி இருக்கிறது இமாபெட்சு. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2016 மார்ச் 26 அன்று அங்கே ஒகுட்சுகாரு-இமாபெட்சு நிலையம் திறந்தார்கள். புல்லட் ரயில் வந்தது. நின்று போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏறுகிறவர்களை எண்ணவும் கால்குலேட்டர் தேவைப்படாது. தெற்கே 320 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டி, இங்கே சரக்கு ரயிலோடு பாதையைப் பங்குபோட்டு அடக்க ஒடுக்கமாக வரும். இருவருக்கும் தண்டவாளம் மூன்று!

நிலையத்தை ஒட்டியே பழைய ட்சுகாரு-ஃபுதாமதா நிலையம். 2022 ஆகஸ்ட் பெருமழையில், அந்தப் பழைய நிலையம் வழியாகப் பக்கத்து ஊருக்குப் போகும் பாதை சேதமானது. அதன்பின் அங்கே ரயிலே வரவில்லை.

ஆக, டோக்கியோவுக்குப் புல்லட் ரயில் உண்டு. பக்கத்து ஊரான மின்மாயாவுக்குப் போக சாலைதான்.